வெற்றுக் குப்பி: தடய அறிவியலின் அடித்தளம் பற்றி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தடய அறிவியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு பெரிய கருவி, அதன் முன்னே வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், திரையில் பளிச்சிடும் ஒரு பெயர். நச்சியல் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், நான் வேறொன்றை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். ஒரு குற்றவியல் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது எது என்று கேட்டால், மாதிரியே இல்லாத குப்பியில் செய்யப்படும் சோதனை என்பேன். எங்கள் பேச்சில் அது ‘பிளாங்க்’. தமிழில் வெற்றுச் சோதனை எனலாம். சந்தேகப்பட்ட பொருளுக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையையும், அதே அமிலம், அதே கரைப்பான், அதே வடிதாள் கொண்டு, மாதிரியைச் சேர்க்காமல் ஒருமுறை செய்வது. காய்கறிக் கடைக்காரர் நிறுப்பதற்கு முன் தராசை வெறுந்தட்டோடு தூக்கிக் காட்டுவார் அல்லவா, அதே வேலைதான். அந்தக் குப்பியில் ஒன்றும் வரக் கூடாது. வந்துவிட்டால், பக்கத்துக் குப்பியில் வந்ததையும் நம்ப முடியாது.

இதைக் கேட்டால் எளிய விஷயமாகத் தோன்றும். ஆனால் இது விளங்குவதற்கு உலகம் கொடுத்த விலை அதிகம். சிலர் அதை உயிரால் கொடுத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் கொலைகாரர்களுக்குப் பிடித்தமான நஞ்சு ஆர்சனிக். நம்மவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றார்கள். நிறமில்லை, சொல்லும்படியான சுவையில்லை, எலி மருந்து என்று கேட்டால் கடையில் கிடைத்தது. அதைத் தின்றவருக்கு வரும் வாந்தியும் பேதியும் காலராவை ஒத்திருந்தன. 1833இல் இங்கிலாந்தின் பிளம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு முதியவர் காப்பி குடித்த பின் இறந்தார். பேரன் மீது சந்தேகம். வுல்விச் ஆயுதச்சாலையில் வேதியியலாளராக இருந்த ஜேம்ஸ் மார்ஷ் அந்தக் காப்பியைச் சோதித்தார். ஆர்சனிக்கைக் காட்டும் மஞ்சள் வீழ்படிவு கிடைத்தது. ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த வீழ்படிவு கெட்டுப்போனது. ஜூரர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை, பேரன் விடுதலையானார்.

கண்ணால் கண்டதைப் பிறர் கண்ணுக்குக் காட்ட முடியாமல் போனது மார்ஷை உறுத்தியது. 1836இல் அவர் வெளியிட்ட சோதனை இது: சந்தேகப் பொருளோடு துத்தநாகத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் கிளம்பும். பொருளில் ஆர்சனிக் இருந்தால் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சீன் வாயுவாக வெளிவரும். அதைக் கொளுத்தி, சுடரின் மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் கருப்பாக, பளபளவென்று, கண்ணாடி போல ஒரு படலம் ஒட்டும். அழியாது, நீதிமன்றத்துக்குக் கையில் எடுத்துப் போகலாம். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் அந்த நுட்பத்திலேயே இருந்தது. இயற்கையில் துத்தநாகத் தாதுவோடும் கந்தகத் தாதுவோடும் ஆர்சனிக் கலந்தே கிடக்கிறது. ஆகவே கடையில் வாங்கிய துத்தநாகத்திலும் அமிலத்திலும் அது இருக்கக்கூடும். நஞ்சைத் தேடப் பயன்படுத்தும் பொருளே நஞ்சைக் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆவது?

1840இல் பிரான்ஸின் துல் நகரில் நடந்த மாரி லஃபார்ஜ் வழக்கில் இந்தக் கேள்விதான் ஊரையே இரண்டாக்கியது. கணவருக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக இளம் மனைவி மீது குற்றச்சாட்டு. உள்ளூர் வேதியியலாளர்கள் ஒருமுறை ‘உண்டு’ என்றார்கள், புதைத்த உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்தபின் ‘இல்லை’ என்றார்கள். பாரிஸிலிருந்து மத்தேயு ஓர்ஃபிலா வரவழைக்கப்பட்டார். நச்சியலை ஒரு தனித் துறையாக நிலைநிறுத்தியவர் அவர். உடலில் ஆர்சனிக் இருக்கிறது என்றார். அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். அது தாம் பயன்படுத்திய வேதிப்பொருள்களிலிருந்து வரவில்லை, சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் வரவில்லை என்று தனித்தனியே காட்டுவதைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டார். லஃபார்ஜ் குற்றவாளியா இல்லையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எதிர்த்தரப்பு அழைத்த ரஸ்பாய் என்ற வேதியியலாளர் துல் வந்து சேர்வதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது. ஆனால் ஓர்ஃபிலா வகுத்த கேள்வி நிலைத்தது. ‘இருக்கிறதா’ என்று கேட்பது வேதியியல். ‘இருப்பது எங்கிருந்து வந்தது’ என்றும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அது தடய அறிவியல். இன்றைக்கு வங்கத்தில் பல மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறது. அங்கே ஒருவரின் தலைமுடியில் ஆர்சனிக் கிடைத்தால், அவர் குடித்த கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் யார் மீதும் பழி சொல்லிவிட முடியாது.

இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, அந்தப் பாடத்தை மறந்தவர் ஒருவர் வந்தார். சாதாரண ஆளல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர். சட்ட மருத்துவத்தில் அவர் எழுதிய நூல்தான் அந்தக் காலத்தில் பாடநூல். 1859இல் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற மருத்துவர், தம்மோடு வாழ்ந்த பெண்ணுக்கு நஞ்சு வைத்ததாகக் கைது செய்யப்பட்டார். வீட்டிலிருந்த குப்பிகளை டெய்லர் சோதித்தார். பயன்படுத்தியது ரெய்ன்ஷ் சோதனை: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செம்புவலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால், ஆர்சனிக் இருந்தால் செம்பின் மேல் சாம்பல் கருமையாகப் படியும். ஒரு குப்பியில் ஆர்சனிக் இருப்பதாக டெய்லர் நடுவர் முன் அறிவித்தார். ஸ்மெத்தர்ஸ்டின் கழுத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், அந்தக் குப்பியில் இருந்தது பொட்டாசியம் குளோரேட் என்ற மருந்து. அமிலத்தோடு சேர்ந்து அது செம்பையே கரைத்துவிட்டது. செம்பில் கசடாக ஆர்சனிக் ஒளிந்திருந்தது. செம்பு கரையக் கரைய அதுவும் வெளியே வந்தது. டெய்லர் கண்டது தம் வலையில் இருந்த ஆர்சனிக்கை. அதே செம்பை, நஞ்சில்லாத குளோரேட்டோடு, வெறும் குப்பியில் ஒருமுறை கொதிக்கவிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வழக்கு விசாரணையில் டெய்லரே தவறை ஒப்புக்கொண்டார். அப்படியும் ஜூரர்கள் தண்டித்தார்கள், மரண தண்டனை விதிக்கப்பட்டது. உள்துறை அமைச்சர், சர் பெஞ்சமின் பிராடி என்ற மூத்த அறுவை மருத்துவரிடம் வழக்கை ஒப்படைத்தார். சாட்சியம் போதாது என்று அவர் சொன்ன பிறகே ஸ்மெத்தர்ஸ்ட் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பினார்.

டெய்லரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். திறந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று ‘என் செம்புதான் காரணம்’ என்று சொன்னார். அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவ்வளவு பெரிய நிபுணரின் அனுபவத்தால் நிரப்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. அந்த இடத்தில் வெற்றுக் குப்பி மட்டுமே நிற்க முடியும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் சென்னை இந்தத் துறைக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் முதன்முதலாக வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் அமைந்தது 1849இல், மதராஸில். கல்கத்தாவுக்கு 1853, ஆக்ராவுக்கு 1864, பம்பாய்க்கு 1870. விரல்ரேகைக்கு கல்கத்தா முன்னோடி என்றால், அங்கே 1897இல் தொடங்கிய பணியகத்தில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு இருந்தது என்றால், நச்சியலில் முன்னோடி நம் ஊர். ஐரோப்பாவில் ஆர்சனிக் ஒன்றே பெரிய தலைவலி. இங்கே வந்து விழுந்ததோ அதோடு அபின், வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடிக்கக் கொடுத்த ஊமத்தை விதை, அரளி, தோலுக்காக மாடுகளைக் கொல்லக் குன்றிமணியை அரைத்துச் செய்த ஊசி. இவற்றுக்கெல்லாம் ஐரோப்பியப் பாடநூல்களில் வழி குறைவு. இங்கேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு பார்சலைத் திறந்து பார்ப்போம். சந்தேக மரணம் ஒன்றில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர், இரைப்பையை உள்ளிருப்பதோடு ஒரு குப்பியில் வைப்பார். சிறுகுடலில் ஒரு முழம் அளவுக்கு, கல்லீரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப்பாதி, இவற்றையும் வைப்பார். ரத்தம் தனி. குப்பிகளில் கழுத்து வரை நிரப்பக் கூடாது, மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளுறுப்பு அழுகினால் வாயு கிளம்பும், மூடியைத் தள்ளிவிடும். கெடாமல் இருக்க ஊற்றுவது செறிந்த உப்புக் கரைசல், நம் சமையலறை உப்புதான். ஃபார்மலின் ஊற்றினால் திசு இறுகி, நஞ்சைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிடும். ஒவ்வொரு குப்பிக்கும் அரக்கு, அரக்கின் மேல் முத்திரை. அந்த முத்திரையின் மாதிரி ஒன்று கடிதத்தோடு தனியாக வரும், ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க.

இத்தனையோடு கடைசியாக ஒரு சின்னக் குப்பி வர வேண்டும். அதில் உறுப்பு எதுவும் இருக்காது. மருத்துவர் ஊற்றிய அதே உப்புக் கரைசல் மட்டும் இருக்கும். பார்சலைப் பிரிப்பவர் பலர் அதைப் பெரிதாக எண்ண மாட்டார்கள். பல பார்சல்களில் அது வரவே வராது. ஆனால் அந்த வழக்கின் வெற்றுக் குப்பி அதுதான். பிணவறையில் உப்பைக் கரைத்த பாத்திரத்தில் முன்பு பூச்சிமருந்து இருந்ததோ என்னவோ. அந்தச் சின்னக் குப்பியைச் சோதித்தால்தான் தெரியும். அது வராத வழக்கில், இரைப்பையில் நஞ்சு கண்டோம் என்று எழுதும்போது பேனா தயங்கத்தான் வேண்டும். கரைசல் மாதிரி வரவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும்.

ஆய்வகத்துக்குள் முதல் வேலை வேதியியல் அல்ல, பதிவேடு. முத்திரை பொருந்துகிறதா, எண்ணிக்கை சரியா, யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் எத்தனை விலையுயர்ந்த கருவியாலும் அதை ஒட்ட முடியாது. அப்புறம் உறுப்புகளை மசித்து, கொழுப்பையும் புரதத்தையும் நீக்கி, கரைப்பானில் நஞ்சை வாங்குவோம். தாவர நஞ்சுகளை உடலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்க முடியாது என்று நம்பியிருந்த காலத்தில், 1850இல், பெல்ஜியத்தின் ஸ்தாஸ் நிக்கோட்டினைப் பிரித்துக் காட்டி ஒரு பிரபுவைக் கொலைகாரன் என்று நிறுவினார். அவர் போட்ட பாதையில்தான் இன்னும் நடக்கிறோம்.

பிறகு மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. கண்ணாடித் தகட்டின் மேல் சிலிக்கா ஜெல் மாவு போல மெல்லியதாகப் பூசியிருக்கும். கீழ் விளிம்புக்கு மேலே ஒரு கோடு. பென்சிலால் மட்டும்தான் போட வேண்டும். பேனா மையால் போட்டால், மையே பல சாயங்களின் கலவை ஆகையால், கரைப்பான் ஏறும்போது அதுவும் பிரிந்து மேலே ஏறித் தகடு முழுக்கப் பொய்ப் புள்ளிகளைக் காட்டும். அந்தக் கோட்டில் நுண்குழாயால் வரிசையாகப் புள்ளிகள்: இரைப்பையின் சாறு, கல்லீரலின் சாறு, ஒப்பிட வேண்டிய பூச்சிமருந்து, கடைசியில் வெற்றுச் சாறு. தகட்டைக் கரைப்பான் தொட்டியில் நிறுத்தினால் ஈரம் மெல்ல மேலே ஏறும், ஒவ்வொரு பொருளையும் அதனதன் இயல்புக்கேற்ற உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். வெளியே எடுத்து உலர்த்தி, மேலே நிறம் காட்டும் கரைசலைத் தெளிப்போம். கந்தகமுள்ள பாஸ்பரஸ் பூச்சிமருந்துகளுக்குப் பல்லேடியம் குளோரைடு தெளித்தால் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் எழும். எல்லோரும் இரைப்பைப் புள்ளியைப் பார்ப்பார்கள். எனக்கு வழிகாட்டியவர் முதலில் கடைசி வரிசையைப் பார்க்கச் சொன்னார். அது சுத்தமாக, பூசிய மாவு அப்படியே வெள்ளையாக இருக்கிறதா? இருந்தால்தான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இதன் பிறகு வாயு வண்ணப்பிரிகையும் நிறமாலைமானியும் உறுதி செய்யும். அந்தக் கருவிகளிலும் ஒவ்வொரு வழக்குக்கு முன்னும் வெறும் கரைப்பானைச் செலுத்தித்தான் பார்க்கிறோம், முந்தைய வழக்கின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கிறதா என்று.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். நச்சியலில் எல்லா நஞ்சையும் காட்டும் ஒற்றைச் சோதனை கிடையாது. விவரம் தெரியாமல் தேடினால் தவறவிடுவோம். நம் பக்கத்துக் கிராமங்களில் ஒடுவந்தழையை அரைத்துக் குடித்து இறப்பவர்கள் உண்டு. இது தழை நஞ்சு என்று காவல் ஆய்வாளர் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும், இல்லாவிட்டால் பூச்சிமருந்தைத் தேடிக் களைத்துப்போய் ‘நஞ்சு கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவோம். ஆகவே தகவல் வேண்டும். ஆனால் ‘மாமியார்தான் வைத்தார், ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்பதும் அதே கடிதத்தில் வந்தால், மங்கலான ஒரு புள்ளியைப் பார்க்கும் கண் மாறிவிடும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரிக்கும் ஒருவர் ஆய்வகத்தின் வாசலில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காணும் முறைக்கு வருகிறேன். 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டது. இங்கே ஹைதராபாதில் லால்ஜி சிங் வளர்த்தது. இங்கிலாந்தில் அது பயன்பட்ட முதல் கொலை வழக்கிலேயே அது செய்த முதல் வேலை, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை விடுவித்ததுதான். அதன் பெருமையை நான் விளக்கத் தேவையில்லை. அதன் ஆபத்தைச் சொல்கிறேன்.

2007 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைல்ப்ரோன் நகரில் 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்தவர் படுகாயம். காரில் கிடைத்த டி.என்.ஏ. ஒரு பெண்ணுடையது. தரவுத்தளத்தில் தேடினால், அதே பெண் 1993இல் ஒரு மூதாட்டியின் கொலையில் இருக்கிறார், 2001இல் இன்னொரு முதியவரின் கொலையில் இருக்கிறார், திருட்டுகளில் இருக்கிறார், போதை ஊசியில் இருக்கிறார், கடித்துப் போட்ட பிஸ்கட்டில் இருக்கிறார். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 இடங்கள். கூட்டாளிகள் என்று பிடிபட்டவர்கள் எவருக்கும் அப்படி ஒரு பெண்ணைத் தெரியவில்லை. தலைக்கு 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். முகமில்லாத பெண் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

2009இல் எரிந்துபோன ஓர் ஆணின் சடலத்தை அடையாளம் காண, அவர் அகதி மனுவில் வைத்திருந்த விரல்ரேகைத் தாளைத் துடைத்து டி.என்.ஏ. எடுத்தார்கள். அதிலும் அந்தப் பெண்! ஆணின் தாளில் அவள் எப்படி? வேறு பஞ்சுக்குச்சியால் மறுபடி துடைத்தார்கள். இப்போது அவள் இல்லை. அதற்குப் பிறகுதான் பஞ்சுக்குச்சியைப் பார்த்தார்கள். அவற்றைத் தயாரித்துப் பொதியும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. அவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அழிவதில்லை. நம் உடலின் ஒரு செல்லில் இருப்பது சுமார் 6 பிக்கோகிராம் டி.என்.ஏ. அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கிப் படிக்கும் திறமை வந்தபின், பொதிந்தவரின் கை வியர்வையே சாட்சியாகிவிட்டது. வேறிடத்தில் குச்சி வாங்கிய பவேரியா மாநிலத்தில் மட்டும் அந்தப் பெண் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அது ஒரு பெரிய வெற்றுச் சோதனையாகக் கண்ணெதிரே நின்றது, படிக்கத்தான் ஆளில்லை.

பெண் காவலரைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011 நவம்பரில்தான் தெரிந்தது. அதற்குள் எத்தனை ஆண்டுகளின் உழைப்பு இல்லாத ஒருத்தியைத் தேடிக் கரைந்தது! இதற்குப் பிறகே, தடயம் சேகரிக்கும் பொருள்களில் மனித டி.என்.ஏ. இருக்கக் கூடாது என்ற சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 18385, 2016இல் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் திறக்காத குச்சி ஒன்றை எடுத்து, எதையும் துடைக்காமல் சோதித்துப் பார்ப்பதற்கு என்ன செலவாகியிருக்கும்?

தீ விபத்துகளில் இந்தக் கதை இன்னும் கொடியது. எரிந்த வீட்டின் தரையில் குட்டை குட்டையாகக் கருகியிருந்தால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்று புலனாய்வாளர்கள் பல பத்தாண்டுகள் சாட்சி சொன்னார்கள். பெட்ரோல் ஊற்றாமல் ஒரு வீட்டை எரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1990இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில், ஆறு பேர் இறந்த ஒரு தீயில், உயிர் தப்பிய குடும்பத் தலைவர் மீதே கொலைக் குற்றச்சாட்டு. பக்கத்திலேயே அதே அமைப்பில் இடிக்க இருந்த வீடு ஒன்று இருந்தது. அரசுத் தரப்பு நிபுணர்களே அதில் அதே மாதிரிச் சாமான்களைப் போட்டு, சோபாவில் மட்டும் தீ வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொண்டது. தரையில் அதே குட்டைக் கருகல்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் டெக்சாஸில் மூன்று பெண் குழந்தைகளைத் தீயில் இழந்த கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு இந்த அறிவு எட்டவில்லை. 1991ஆம் ஆண்டுத் தீக்கு, அதே பழைய நம்பிக்கைகளின் மேல் நின்ற சாட்சியத்தால், 2004 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். வேண்டுமென்றே வைத்த தீ என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தேர்ந்த நிபுணர்கள் பிறகு எழுதினார்கள். இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் குரல் தடுமாறுகிறது.

குப்பிக்கும் வீட்டுக்கும் வெற்றுச் சோதனை உண்டு என்றால், மனிதனுக்கு? விரல்ரேகையில் கருவி நிபுணரின் கண்தான். 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையில் கிடைத்த ரேகை ஒரேகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ.யின் அனுபவம் மிக்க நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக உறுதி செய்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். அது ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் போலீஸ் சொன்ன பிறகே வழக்கறிஞர் வீடு திரும்பினார். முதல் நிபுணர் ‘பொருந்துகிறது’ என்றது தெரிந்தே இரண்டாமவர் பார்த்தார், கேடு அங்கே. இத்தியேல் த்ரோர் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிபுணர்களுக்கு அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, மாட்ரிட் வழக்கில் தவறாகப் போன ரேகை என்று சொல்லிக் கொடுத்தார். நால்வர் தம் பழைய முடிவிலிருந்து விலகினார்கள்.

இதைத் துறையின் மேல் அவநம்பிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், 169 நிபுணர்களுக்கு விடை தெரிந்த ரேகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, தவறாகப் பொருத்தியது 0.1 விழுக்காடுதான். பொருந்துவதைப் பொருந்தாது என்றது 7.5 விழுக்காடு. நல்ல முடிவு இது. நூறாண்டு காலம் ‘எங்களுக்குத் தவறே நேராது’ என்று சொல்லிவந்த துறை, கடைசியில் தன்னையே அளந்து ஓர் எண்ணைச் சொன்னதல்லவா! ஆய்வகங்களில் வழக்கமான வழக்குகளின் நடுவே, பொருந்தாது என்று முன்பே தெரிந்த போலி வழக்கு ஒன்றை நிபுணருக்குத் தெரியாமல் நுழைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் மனிதனுக்கான வெற்றுக் குப்பி. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009இல் தந்த அறிக்கை, ஆய்வகங்கள் காவல்துறையின் நிர்வாகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றதும் இந்தக் காரணத்தால்தான். எந்த நாட்டுக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நிறைவேற்ற ஐந்து ஆண்டு அவகாசம். வரவேற்கிறேன். ஆனால் ஆட்களும் பயிற்சியும் இல்லாமல் வண்டிகளையும் பெட்டிகளையும் மட்டும் வாங்கினால், அவசரத்தில் முதலில் காணாமல் போவது வெற்றுச் சோதனைதான். தேக்கம் கூடக்கூட, ‘வழக்கில்லாத குப்பிக்கு எதற்கு நேரம்’ என்ற குரல் எல்லா ஆய்வகங்களிலும் எழும்.

சட்டம் பயிலும் மாணவர்களே, உங்களுக்குத்தான் கடைசியாக. அதே சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293, எங்கள் அறிக்கையை நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்கலாம். வேண்டுமென்றால் நீதிமன்றம் அழைக்கலாம். பெரும்பாலும் யாரும் அழைப்பதில்லை. இரண்டு பக்க அறிக்கை கோப்பில் சேர்ந்துவிடும். நீங்கள் அழையுங்கள். அரசுத் தரப்பில் இருந்தாலும் எதிர்த்தரப்பில் இருந்தாலும் அழையுங்கள். அழைத்து, கருவியின் விலையையும் நிபுணரின் பட்டங்களையும் பற்றிக் கேட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். மேசைக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெற்றுச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, அந்த வழக்கின் மாதிரியோடு அதே நாளில், அதே கரைப்பானில் நடந்ததா, முடிவு என்ன, அதன் தகடோ வரைபடமோ எங்கே என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து உப்புக் கரைசல் வந்ததா, வந்திருந்தால் சோதித்தார்களா என்று கேளுங்கள். பஞ்சுக்குச்சி எந்தப் பெட்டி, அந்தப் பெட்டியிலிருந்து துடைக்காத குச்சி ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சரியாக வேலை செய்த நிபுணர் இந்தக் கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார். அந்தப் பக்கத்தைத் திருப்பி, உங்கள் முன் வைப்பார்.